இராவணேசன் வீழ்ந்த இடம்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் பெரியகல்லாற்றிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவள் என் தங்கையின் பேர்த்தி. பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகக் கற்கிறாள். சுகநலம் விசாரித்து முடிவதற்குள்ளேயே விடயத்துக்கு வந்துவிட்டாள்.

“தாத்தா, இராவணேசன் நாடகத்தில இராவணன்ட வீழ்ச்சிக்குக் காரணம் என்னெண்டு எழுதச் சொல்லியிருக்காங்க. சேர் அஞ்சு காரணம் தந்திருக்கார். கேக்கிறீங்களா?”

வாசிக்கச் சொன்னேன். பிறன்மனை விரும்பியமை, ஆணவம், நல்லோர் அறிவுரையைக் கேளாமை, தன் வலிமைமீது கொண்ட மிகையான நம்பிக்கை, விதி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். பரீட்சைக்கு இதற்குமேல் வேண்டியதில்லை. எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆயினும், “ஐந்தும் சரிதான் மகள், இரண்டு நாள் கழித்து நானே எடுக்கிறேன்” என்று கூறித் தொலைபேசியை வைத்தேன். அந்தக் கேள்வியை எனக்கு முதன்முதலாகச் சொல்லித்தந்தவர் ஒருவர் இருந்தார். அவருக்கு நான் பட்ட கடன் ஒன்றும் இருக்கிறது. பல ஆண்டுகளாக எழுத நினைத்து எழுதாமல் விட்ட விடயம் அது.

முதலில் நாடகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். தமிழகத்திலும் பிற நாடுகளிலும் இருக்கும் வாசகர்களுக்கு இது தேவைப்படலாம். 1956 இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர மேடையேற்றிய ‘மனமே’ சிங்கள நாடக உலகையே புரட்டிப்போட்டது. நாடகம என்ற பழைய சிங்கள ஆடல் வடிவத்திலிருந்து, படித்தவர்களும் பார்த்து வியக்கத்தக்க ஒரு நாடகத்தை அவர் உருவாக்கினார். அந்த வடிவத்துக்கும் நமது கூத்துக்கும் உள்ள உறவு ஆய்வாளர் அறிந்தது. நம்மிடமும் இது இருக்கிறதே என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் பக்கம் திரும்பினார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு சில மணி நேரத்துக்குள் அடங்கும் மேடை நாடகமாயிற்று. கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று 1960 களில் அவை வரிசையாக வந்தன. இவற்றுள் இராவணேசனின் எழுத்துரு, மட்டக்களப்பு மண்ணிலிருந்து பேராதனைக்குச் சென்ற மாணவர் சி. மௌனகுருவுடையது. பிற்காலத்தில் அவர் பேராசிரியரானதும், 2000 ஆம் ஆண்டுக்குப் பின்னர் அதே நாடகத்தைக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்ததும் பலர் அறிந்தவை.

வடமோடி ஆட்டம், கம்பனின் யுத்தகாண்டக் கதை, அரக்கனாகவே பார்த்துப் பழகிய ஒருவனை அவல நாயகனாக நிறுத்தும் நோக்கு. இம்மூன்றும் சேர்ந்ததுதான் இராவணேசன். இதில் மூன்றாவதுதான் புதியது. வடமோடியில் போரும் சாவும் புதியவை அல்ல. தென்மோடி பெரும்பாலும் காதலும் மணக்கோலமுமாக முடியும், வடமோடி களத்தில் முடியும் என்பது எங்கள் பக்கத்துச் சிறுவருக்கும் தெரியும். ஆனால் விழுகிறவன் ஏன் விழுகிறான் என்று களரியைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களைக் கேட்கவைப்பது வேறு காரியம்.

என்னை அவ்வாறு கேட்கவைத்தவர் எங்கள் ஊர் ஆசிரியர் ஒருவர். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். பகலில் தமிழ் படிப்பித்தார். கூத்துப் பழகும் காலத்தில் இரவில் அண்ணாவியாருக்குப் பக்கத்தில் நின்று, கொப்பியைக் கையில் பிடித்துப் பாட்டு எடுத்துக் கொடுப்பார். எங்கள் ஊர் ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் நிலம். மத்தள ஒலி இரண்டு பக்கமும் நீரில் பட்டுத் திரும்பும் என்று எனக்கு ஒரு நினைவு. சிறுவயது நினைவு ஆகையால் மிகைப்படுத்துகிறேனோ தெரியவில்லை.

ஒரு நாள் இராவணன் வேடம் பழகிக்கொண்டிருந்த இளைஞர் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார். இராவணன் கடைசியில் தோற்கத்தானே போகிறான், பின் ஏன் வரவுக்கு இத்தனை ஆட்டம் என்று சலித்துக்கொண்டார். ஆசிரியர் சிரித்தார்.

“அவன் களத்தில விழல்ல தம்பி. சபையிலதான் விழுந்தவன். களத்தில விழுந்தது உடம்பு. நீ ஆட வேண்டியது சபையில விழுறத்துக்கு முந்தின இராவணன.”

எனக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். பொருள் முழுவதும் விளங்கவில்லை. ஆனால் வார்த்தைகள் ஒட்டிக்கொண்டன.

பேர்த்தி வாசித்த ஐந்து காரணங்களைக் கேட்டபோது இதுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஐந்தும் இராவணனுக்குள் இருப்பவை, அல்லது விதியைப்போல அவனுக்கு மேலே இருப்பவை. அவனைச் சுற்றி இருந்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

அவல நாயகனின் வீழ்ச்சி என்றவுடன் அரிஸ்டோட்டிலின் ‘ஹமார்த்தியா’ பேச்சில் வந்துவிடும். அதனை நாம் பெரும்பாலும் குணக்குற்றம் என்று எழுதிவிடுகிறோம். அந்தக் கிரேக்கச் சொல்லின் அடியில் உள்ள பொருளோ குறி தவறுதல், எய்த அம்பு இலக்கைத் தப்பிப் போதல். வில்லும் அம்புமாகக் களரியில் நிற்கும் வடமோடி அரசனுக்கு இந்த விளக்கம் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். எய்பவன் வலிமையற்றவன் அல்லன், தீயவனாகவே இருக்க வேண்டியதுமில்லை. பெரியவன், ஆனால் குறி பிழைக்கிறான். சுவாமி விபுலாநந்தர் 1926 இல் ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழுக்கு அறிமுகம் செய்தபோதே இத்தகைய நாயகர்களைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு ஒரு வழி பிறந்துவிட்டது. அவர் பிறந்த காரைதீவு, பெரியகல்லாற்றிலிருந்து தெற்கே கல்முனையைத் தாண்டினால் வந்துவிடும்.

இராவணனை உயர்த்திப் பேசுவது தமிழில் புதிதல்ல. தேவாரத்திலேயே அவனுக்கு ஓர் இடம் உண்டு. ஞானசம்பந்தரின் பதிகங்களில் எட்டாம் பாட்டு வந்தால் கயிலையைத் தூக்கி நசுங்கி, பின் இறைவனைப் பாடி அருள்பெற்ற இராவணன் வந்துவிடுவான். திருகோணமலையில் இராவணன் வெட்டும், தாய்க்கு அவன் கடன் செய்ததாகச் சொல்லப்படும் கன்னியா வெந்நீர் ஊற்றுகளும் எங்கள் பக்கத்தவர்களுக்குக் கதையல்ல, போய்ப் பார்த்துவரும் இடங்கள். இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் புலவர் குழந்தை 1946 இல் ‘இராவண காவியம்’ இயற்றினார். 1948 இல் அது தடைசெய்யப்பட்டது, 1971 வரை தடை நீங்கவில்லை. ஆர். எஸ். மனோகர் ‘இலங்கேஸ்வர’னாக மேடையில் தோன்றியபோது சீதை இராவணனின் மகளாகவே ஆகிவிட்டாள்.

இவையெல்லாம் அவமதிக்கப்பட்ட ஒருவனுக்குப் பரிந்து பேசியவை. அந்த அரசியலின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நாடகக்காரனின் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. சீதை மகளாகிவிட்டால் இராவணனிடம் பிழை இல்லை. பிழை இல்லாதவன் கொல்லப்பட்டால் அது அநீதி, அவலம் அல்ல. பார்ப்பவனுக்குக் கோபம் வரும், தன்னைப் பற்றி ஓர் ஐயமும் வராது. இராவணேசன் இந்த வழியில் போகவில்லை. பிழையையும் வைத்துக்கொண்டது, பெருமையையும் வைத்துக்கொண்டது. கம்பனிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றுதான் அது என்பதையும் சொல்லவேண்டும்.

இனி ஆசிரியர் சொன்ன சபைக்கு வருகிறேன்.

கம்பனின் இலங்கைச் சபையை ஒரு பத்திரிகைக்காரனின் கண்ணோடு படித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அங்கே உண்மை சொல்ல ஆள் இல்லாமலில்லை. நிறையப் பேர் சொல்கிறார்கள். கும்பகருணன் சொல்கிறான். ஒருபுறம் மானத்தைப் பற்றி வாய்கிழியப் பேச்சு, மறுபுறம் பிறர் மனையாள்மீது ஆசை, இது என்ன அரசு என்று அண்ணனின் முகத்துக்கு நேரே கேட்கிறான். ஆனால் அதே மூச்சில், இனி அவளை விட்டுவிட்டால் நம்மை எளியவர் என்பார்கள், போரிட்டு மடிந்தாலும் பழியில்லை என்கிறான். உண்மையைச் சொன்னவனே அந்த உண்மையிலிருந்து பின்வாங்கும் இடம் இது. ஆணவம் இராவணன் ஒருவனுடைய நோய் அல்ல, சபை முழுவதும் பரவியிருந்த நோய் என்பதை எனக்குக் காட்டியது இந்த இடந்தான்.

வீடணன் சொல்கிறான். அவனுக்குக் கிடைத்தது பகைவனின் ஆள் என்ற பட்டம். அவன் போய்விடுகிறான். இராமபக்தியின் பக்கம் நின்று பார்த்தால் அது சரணாகதி. இலங்கையின் பக்கம் நின்று பார்த்தால் அந்த வெளியேற்றம் ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிட்டது. அதன் பிறகு இலங்கையில் யார் சமாதானம் பேசினாலும் அவன் இன்னொரு வீடணன். எங்கள் ஊர்ப் பேச்சில் இன்றைக்கும் அந்தப் பெயர் வசைச்சொல்தான்.

ஆகவே அடுத்ததாக உண்மை பேசுகிறவர்கள் ஒரு விலை கொடுத்துத்தான் பேச முடிகிறது. துயிலெழுப்பப்பட்ட கும்பகருணன், சீதையை விட்டுவிடு, தம்பியோடு கூடிக்கொள் என்கிறான். இராவணன் ஏளனம் செய்கிறான். உடனே தம்பி பணிந்து, போருக்குப் புறப்படுகிறான். நான் மாண்டால் அப்போதாவது அவளை விட்டுவிடு என்பதுதான் அவன் கடைசி வேண்டுகோள். இந்திரசித்தனும் அப்படியே. ஆசையை விடு என்று தகப்பனிடம் சொல்லிவிட்டு, சாவதற்குத் தேரேறுகிறான். நான் துரோகி அல்லன் என்று நிரூபிப்பதற்கு அந்த இருவருக்கும் உயிரைத் தவிர வேறு சான்று இருக்கவில்லை.

இந்திரசித்தனுக்கு இராவணன் கூறும் மறுமொழி முழுக் காவியத்திலும் என்னை உலுக்கும் இடங்களுள் ஒன்று. செத்தவர்களை நம்பியோ, எஞ்சியிருப்பவர்களை நம்பியோ, உன்னை நம்பியோ நான் இந்தப் பகையைத் தேடவில்லை, என்னையே நம்பித் தேடினேன் என்கிறான். இராமன் பெயர் இருக்குமட்டும் என் பெயரும் இருக்கும் என்கிறான். கேட்கும்போது மெய் சிலிர்க்கும். அதுவரை கொடியவனாகத் தெரிந்தவன் அந்தக் கணத்தில் மிக உயர்ந்து நிற்கிறான். அந்த உயரத்தில் மயங்கிப்போன நமக்கு, மகன் செத்துப்போகத்தான் புறப்படுகிறான் என்பது சற்று நேரம் மறந்துவிடுகிறது. இராவணனின் பெருமையும் பிழையும் வேறுவேறல்ல. பரீட்சைத் தாளில் தனித்தனி இலக்கமிட்டு எழுதுவது கடினம்.

மகோதரன் என்றொருவன் அந்தச் சபையில் இருக்கிறான். அவனை எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. முதல்நாள் போரில் தோற்று, சீதை சிரிப்பாளே என்ற வெட்கத்தில் குன்றிப்போய் இராவணன் திரும்பி வருகிறான். அவன் மனம் இளகியிருந்த நேரம் அது. பாட்டன் மாலியவான் நல்லது சொல்கிறார். அந்த வேளையில் குறுக்கிட்டு, வெற்றியும் தோல்வியும் வீரருக்கு இயல்பென்று தேற்றி, கும்பகருணனை எழுப்பும் யோசனையைக் கொடுப்பவன் மகோதரன். சீதையை ஏமாற்றப் பொய்ச் சனகனை உண்டாக்கும் சூழ்ச்சியும் அவனுடையதே. தலைவனுக்கு எது கேட்கப் பிரியமோ அதை நல்ல மொழியில் சொல்லத் தெரிந்தவன். பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவனை எனக்கு நன்றாகத் தெரியும். தலைப்புகள் அவன் மொழியில்தான் எழுதப்படுகின்றன.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. போர் மீண்டும் மூண்டிருந்தது. கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே இரத்தம் சிந்திய மாதங்கள் அவை. பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். தமிழ்க் கிராமங்களிலும் சாவு, காணாமற்போனோர் பட்டியல், அகதிகள். நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் உதவி ஆசிரியர்களுள் ஒருவன். வாசகர் கடிதங்கள் என் மேசைக்குத்தான் வரும். தபால் ஒழுங்காக இயங்காத அந்த நாள்களில் யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய ஒரு கடிதம் வந்தது. புல்ஸ்கப் தாளில் இரண்டு பக்கம். எழுத்தைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. கூத்துக் கொப்பிகளில் நான் பார்த்து வளர்ந்த கையெழுத்து.

ஆசிரியர் தம் பெயரையும் ஊரையும் முழுமையாக எழுதியிருந்தார். தம் உடலில் இருக்கும் சாரமும் மனைவியின் சேலையும் மருதமுனைத் தறியில் நெய்தவை என்று தொடங்கியிருந்தார். மருதமுனை எங்கள் ஊருக்கு அயலூர், நெசவுக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர். நம்முடைய பையன்கள் செய்வதை நாம் சரியென்று சொல்லிக்கொண்டிருந்தால் நாளை அவர்களிடம் எதையும் சொல்ல முடியாமற்போகும் என்று எழுதியிருந்தார். ஒரு வேண்டுகோளும் இருந்தது. இறந்தவர்களின் பெயர்களைத் தமிழர், முஸ்லிம்கள் என்று பிரிக்காமல், ஊர் வரிசையில் ஒரே பட்டியலாக வெளியிடுங்கள் என்று கேட்டிருந்தார். கடைசியில், நான் வீடணன் அல்லன், ஊரை விட்டுப் போகமாட்டேன், இங்கேயே இருந்துதான் சொல்கிறேன் என்றிருந்தது.

அக்கடிதம் வெளிவரவில்லை. எவரும் தடுத்ததாகச் சொல்ல வழியில்லை. நான் அதனை எவரிடமும் காட்டவேயில்லை. மேசை லாச்சியில் வைத்தேன். அவருடைய பாதுகாப்புக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயரை நீக்கிவிட்டுப் பிரசுரித்திருக்கலாம். அந்தப் பெயர்ப் பட்டியலையாவது வெளியிட்டிருக்கலாம். அதற்குக் கடிதமே தேவையில்லை. உண்மை என்னவென்றால், அதை வெளியிட்டவன் யார் என்று நாளை யாராவது கேட்பார்களே என்று நான் அஞ்சினேன். அந்த வாரம் அந்தப் பக்கத்தில், வீரத்தைப் போற்றும் ஒரு கவிதையைப் போட்டேன்.

1994 இன் பிற்பகுதியில், பேச்சுவார்த்தை பற்றிய பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நாள்களில், ஊருக்குப் போனேன். ஆசிரியர் வீட்டுக்கும் போனேன். மிகவும் மெலிந்திருந்தார். தேநீர் தந்தார். கறையான் அரிக்கத் தொடங்கியிருந்த கூத்துக் கொப்பிகளை எடுத்துவந்து காட்டினார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சில ஆண்டுகளில் நோயுற்றுக் காலமானார். அந்தக் கொப்பிகள் 2004 சுனாமியில் போயின என்று பின்னர் அறிந்தேன். கடிதம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

இராவணேசனை மேடையில் நான் பார்த்தது 2002 யுத்தநிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னான ஆண்டுகளில், மட்டக்களப்பில். அதுவரை எழுத்துருவாகத்தான் படித்திருந்தேன். இளமையில் படித்தபோது என்னைக் கவர்ந்தவை இராவணனின் வீராவேசமான இடங்கள். மேடையில் பார்த்தபோது மண்டோதரிதான் என் கண்ணில் நின்றாள். மகனைப் பறிகொடுத்தவள் புலம்பும் கட்டத்தில் எனக்கு முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா சேலைத்தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்தக் கூடத்தில் அவர் ஒருவர் மட்டுமல்லர். எழுத்துரு எனக்கு முன்பே தெரியும். ஆனால் நாற்பது ஆண்டுகளில் பார்ப்பவர்கள் மாறிவிட்டார்கள். 1960 களில் பேராதனையில் எழுதப்பட்டபோது அது ஓர் அரசனின் அவலம். இப்போது அது அவன் பேச்சை நம்பிப் புறப்பட்ட பிள்ளைகளின் அவலமாகவும் ஆகியிருந்தது. 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்த எழுத்துருவை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். சில பக்கங்களுக்கு மேல் படிக்க முடியவில்லை.

இராவணனை இன்ன தலைவர், மகோதரனை இன்ன ஆலோசகர் என்று பொருத்திப் பார்க்கச் சில நண்பர்களுக்கு ஆசை. நான் அதனைச் செய்யமாட்டேன். நாடகம் அவ்வளவு சிறியதல்ல. தென்னிலங்கையிலும் அத்தகைய சபைகள் இருந்தன, இருக்கின்றன. உண்மை சொன்னதற்காகக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர்கள் இருபக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களோடு ஒருங்கே வைத்து எண்ணத்தக்கவன் அல்லன் நான்.

சொன்னபடி இரண்டு நாள் கழித்துப் பேர்த்தியை அழைத்தேன். ஐந்து காரணங்களையும் சேர் தந்தபடியே எழுதும்படி சொன்னேன். மூன்றாவது காரணத்தில் மட்டும், அறிவுரையைக் கேளாமை என்பதோடு, அறிவுரை சொன்னவனைத் துரோகி ஆக்கியமையால் பிறகு எவரும் வாய்திறக்க முடியாமற்போயிற்று என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கும்பகருணனையும் இந்திரசித்தனையும் அதற்கு உதாரணம் காட்டலாம் என்றேன். எழுதிக்கொண்டாள். பிறகு மகோதரனைப் பற்றிச் சொன்னேன். கடிதத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பி, அதன் கதையையும் சொன்னேன்.

சற்று நேரம் மறுமுனையில் ஓசை இல்லை. வாசித்துக்கொண்டிருந்தாள் போலும்.

“இந்த வீட்ட எனக்குத் தெரியும் தாத்தா. ஏன் நீங்க போடல்ல?”

“பயம்” என்றேன்.

“அப்ப நீங்க மகோதரனா?”

“மகோதரன் பேசினவன் மகள். நான் பேசாமல் இருந்தவன்.”

அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலில் அப்படி ஒரு பாத்திரம் இல்லையே என்று யோசித்திருக்கலாம். பிறகு, கடிதத்தை அந்த வீட்டுக்காரரிடம் காட்டலாமா என்று கேட்டாள். காட்டு என்றேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்வரை அங்கிருந்து எனக்குப் பதில் எதுவும் வரவில்லை.